முகமது அலியின் சண்டைகளைப் பார்க்கும் முறை: கையை விடுங்கள், காலைப் பாருங்கள்

குத்துச்சண்டை வீரர் முகமது அலியைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஐந்து நிமிடத் துண்டுக் காட்சிகளில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எதிராளி விழுவது அதில் தெரியும். ஏன் விழுந்தார், அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்பது தெரியாது. அலியின் தொழில்முறை வாழ்க்கை 1960 அக்டோபரில் தொடங்கி 1981 டிசம்பரில் முடிந்தது: 61 சண்டை, 56 வெற்றி, அதில் 37 நாக் அவுட், 5 தோல்வி. அத்தனையையும் பார்க்க வேண்டியதில்லை. கீழே சொல்லும் பத்துச் சண்டைகளை முழுதாக, சொல்லும் வரிசையில் பார்த்தால் போதும். மொத்தம் 103 ரவுண்டு. இடைவேளைகளையும் சேர்த்து ஏழு மணி நேரத்துக்குள் அடங்கும். ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு நீளச் சண்டை, அல்லது இரண்டு குட்டிச் சண்டை.

பார்க்க உட்காரும் முன்

முதல் வேலை, படத்தின் வேகத்தைச் சரிபார்ப்பது. பழைய ஃபிலிமிலிருந்து மாற்றியவற்றில் சில சற்று வேகமாக ஓடும். மணி அடித்ததும் கைக்கடிகாரத்தை வைத்து ஒரு ரவுண்டை அளந்து பாருங்கள். 180 நொடி வர வேண்டும். 170 வந்தால் அந்தப் பிரதியை ஒதுக்கிவிட்டு வேறு தேடுங்கள். அலியின் கால் வேகத்தைப் பற்றி நீங்கள் எழுதும் எந்தக் குறிப்பும் அதில் தப்பாகிவிடும்.

இரண்டாவது, ஒலியை அடைத்துவிடுங்கள். வர்ணனையாளர் யார் பக்கம் சாய்கிறாரோ, ஐந்தாவது ரவுண்டுக்குள் நீங்களும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். கூட்டத்தின் கூச்சல் அதைவிட மோசம்: காற்றில் போன குத்துக்கும் கூட்டம் ஆர்ப்பரிக்கும். இரண்டாம் முறை பார்க்கும்போது ஒலியைத் திறந்துகொள்ளலாம்.

மூன்றாவது, தேடும் பெயரும் தேதியும். 1964 மார்ச் வரை அவர் கேசியஸ் க்ளே. அதற்கு முந்தைய சண்டைகளை அந்தப் பெயரில் தேடினால்தான் நல்ல பிரதி கிடைக்கும். ஜார்ஜ் ஃபோர்மனோடு மோதிய கின்ஷாசா சண்டை உள்ளூர் நேரப்படி 1974 அக்டோபர் 30 அதிகாலை நடந்தது, அப்போது அமெரிக்காவில் 29ஆம் தேதி இரவு. மணிலா சண்டையிலும் இதே ஒரு நாள் குழப்பம் உண்டு. இரண்டு தேதியைப் பார்த்து இரண்டு சண்டை என்று நினைத்துவிடாதீர்கள்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம். ரவுண்டுக்கு ஒரு வரி, வரிக்கு நான்கு கட்டம்:

1. கால்: ரவுண்டின் ஒவ்வொரு நிமிட முடிவிலும் அலி முன்பாதத்தில் நிற்கிறாரா, குதிகால் தரையில் பதிந்திருக்கிறதா.
2. கயிறு: அவருடைய முதுகு கயிற்றைத் தொட்டபடி இருந்த நொடிகள், தோராயமாக.
3. தலை: அவர் தலையில் சுத்தமாக விழுந்த குத்துகள். கையுறையில், முன்னங்கையில், தோளில் பட்டவை கணக்கில்லை.
4. ரவுண்டு யாருக்கு.

நான்கையும் முதல் தடவையே நிரப்ப முயன்றால் எதுவும் உருப்படாது. முதல் இரண்டு சண்டைகளில் முதல் கட்டம் மட்டும். கண் பழகிய பின் மற்றவை. இடைவேளை ஒரு நிமிடத்தை ஓட்டிவிடாதீர்கள். இந்தப் பத்தில் மூன்று சண்டைகளின் முடிவே மூலையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் தீர்மானமாகிறது.

மதிப்பெண் போடுவது எளிது: ரவுண்டை வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9, விழுந்திருந்தால் 8. ஆனால் உங்கள் கணக்கை அன்றைய நடுவர்களின் கணக்கோடு ஒப்பிடும்போது எந்த ஊர் என்று பாருங்கள். நியூயார்க்கில் அப்போது ரவுண்டுகளை மட்டும் எண்ணினார்கள். மயிரிழையில் வென்ற ரவுண்டும் எதிராளியைத் தரையில் தள்ளி வென்ற ரவுண்டும் அங்கே ஒரே எடை.

முதலில் அளவுகோல்: க்ளீவ்லாண்ட் வில்லியம்ஸ், 1966

கால வரிசையை இந்த ஓர் இடத்தில் மட்டும் மீறுங்கள். 1966 நவம்பர் 14, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம். மூன்று ரவுண்டுகூட முழுதாக இல்லை. அலிக்கு 24 வயது. கால்கள் இதைவிட நன்றாக இருந்த இரவு வேறில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

முதல் ரவுண்டில் கையைப் பார்க்காதீர்கள். 6 அடி 3 அங்குல உயரமுள்ள ஒருவர் இடப்பக்கமும் வலப்பக்கமும் சுற்றும்போது குதிகால் தரையைத் தொடுவதே அரிது. ஜாப், அதாவது முன்னால் இருக்கும் இடது கையால் போடும் நேர்க் குத்து, இடுப்பருகிலிருந்து கிளம்புகிறது. வழக்கமாகக் கன்னத்துக்கருகில் இருக்க வேண்டிய கை அது. குத்து வரும்போது குனியாமல், நகராமல், தலையைப் பின்னால் சாய்க்கிறார். எந்தப் பயிற்சிக் கூடத்திலும் இவை இரண்டும் தப்பு என்றுதான் சொல்லித் தருவார்கள். கை தாழ்ந்திருந்தால் கன்னம் திறந்து கிடக்கும். பின்னால் சாய்ந்தால் முதல் குத்து தவறும், இரண்டாவது குத்துக்கு முகம் அசையாத இலக்காகிவிடும். அலிக்கு அது நடக்காததன் காரணம் கால்: சாய்ந்த அதே கணத்தில் உடம்பு அரை அடி விலகிவிடுகிறது, இரண்டாவது குத்து வரும்போது அங்கே ஆள் இல்லை.

இந்தப் பத்துச் சண்டையிலும் நீங்கள் தேடப்போவது இது ஒன்றைத்தான். அந்த இரண்டு தப்புகளுக்கும் கால்தான் விலை கொடுத்துக்கொண்டிருந்தது. கால் தளர்ந்த பிறகு அந்த விலையை யார் கொடுத்தார்?

ஒரு எச்சரிக்கை. வில்லியம்ஸ் 1964இல் போலீஸ்காரர் ஒருவரின் துப்பாக்கிக் குண்டு பட்டு ஒரு சிறுநீரகத்தை இழந்தவர். அந்த இரவு அலியின் உச்சம். எதிராளியின் உச்சம் அல்ல. இரண்டாம் ரவுண்டில் மூன்று முறை, மூன்றாம் ரவுண்டில் ஒரு முறை அவர் விழுவதை இதை நினைவில் வைத்துப் பாருங்கள்.

இடது ஹூக் என்ற ஓட்டை: கூப்பர், 1963

இப்போது பின்னால் போகலாம். 1963 ஜூன் 18, லண்டன் வெம்ப்ளி. 21 வயது க்ளே கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு விளையாடுகிறார். நான்காம் ரவுண்டின் கடைசி நொடிகளில் ஹென்றி கூப்பரின் இடது ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டிலிருந்து வீசும் குத்து) தாடையில் விழுகிறது. க்ளே கயிற்றில் சரிந்து உட்காருகிறார். அந்த இடத்தை நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பின்னால் சாய்கிறார், ஆனால் முதுகுக்குப் பின்னால் கயிறு இருக்கிறது, விலக இடமில்லை. கால் ஓடாத இடத்தில் சாய்வது என்னாகும் என்பதற்கு முதல் பாடம் இது.

பயிற்சியாளர் ஆஞ்செலோ டண்டி கையுறையில் இருந்த கிழிசலைக் காட்டி நேரம் வாங்கினார் என்ற கதையைப் பல நிமிடம் கிடைத்தது என்ற அளவுக்கு ஊதிவிட்டார்கள். மணியிலிருந்து மணிவரை நீங்களே அளந்துகொள்ளுங்கள். கூடுதலாகக் கிடைத்தது சில நொடிகள்தான். அடுத்த ரவுண்டில் கூப்பரின் இமை கிழிந்து சண்டை நிறுத்தப்பட்டது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு தனிப் பட்டியல் தொடங்குங்கள்: அலி தரையைத் தொட்ட இடங்கள். 1962இல் சோனி பேங்க்ஸ், இடது ஹூக். 1963இல் கூப்பர், இடது ஹூக். 1971இல் ஜோ ஃப்ரேசியர், இடது ஹூக். 1975இல் சக் வெப்னர். அது மட்டும் உடம்பில் பட்ட வலது கைக் குத்து, வெப்னர் காலை மிதித்தார் என்பது அலியின் வாதம். மொத்தம் நான்கு, அதில் மூன்று ஒரே குத்து. வலது கை கன்னத்தைக் காக்காமல் கீழே இறங்கும் பழக்கம் கடைசிவரை போகவில்லை.

லிஸ்டன், 1964

பிப்ரவரி 25, மயாமி பீச். பந்தயக்காரர்கள் 7-1 என்று சோனி லிஸ்டன் பக்கம் நின்றார்கள். லிஸ்டனின் கை வீச்சு 84 அங்குலம், க்ளேயுடையது 78. நீளமான ஜாப் உள்ளவரிடம் பின்னால் சாய்வது ஆபத்து, அந்த ஆறு அங்குலம் வந்து தொட்டுவிடும். அதனால் இங்கே சாய்வதைவிடச் சுற்றுவது அதிகம், முக்கியமாக லிஸ்டனின் இடது கைக்கு எட்டாத பக்கமாக.

இதில் தவறவிடக் கூடாத ரவுண்டு ஐந்தாவது. நான்காவது முடிந்து மூலைக்கு வரும்போதே க்ளேயின் கண் எரிகிறது, பார்வை மங்குகிறது. கையுறையைக் கழற்றச் சொல்கிறார். டண்டி பஞ்சால் கண்ணைத் துடைத்து அவரை ரிங்குக்குள் தள்ளிவிடுகிறார். அடுத்த இரண்டு நிமிடம் பாதிக் குருடாக ஓர் ஆள் எப்படித் தப்பிக்கிறார் என்று பாருங்கள்: இடது கையை நீட்டி லிஸ்டனின் நெற்றியில் வைத்துக்கொண்டு, தூரத்தைத் தொட்டுத் தொட்டு அளந்தபடி, சுற்றிக்கொண்டே இருக்கிறார். கண் செய்ய வேண்டிய வேலையைக் கையும் காலும் செய்கின்றன. ஏழாம் ரவுண்டுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் எழவில்லை, தோளில் காயம் என்றார். சில பட்டியலில் ஆறாம் ரவுண்டு என்றும் சிலவற்றில் ஏழு என்றும் இருப்பது இதனால்தான்.

மறு ஆண்டு லூயிஸ்டனில் நடந்த இரண்டாவது லிஸ்டன் சண்டை இந்தப் பட்டியலில் இல்லை. ஒரே ரவுண்டில் முடிந்தது. அதைப் பற்றிய தகராறு சண்டையைவிட நீளம்.

நடுவில் இல்லாத மூன்றரை ஆண்டுகள்

1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் ராணுவத்தில் சேர மறுத்தார். உரிமம் போனது, பட்டம் போனது, 5 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் வெளியே இருந்தார்; 1971 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் 8-0 என்று தண்டனையை ரத்து செய்தது. அதற்குள் 25 வயதிலிருந்து 28 வயதுவரை ஒரு சண்டைகூட இல்லை.

இந்த இடைவெளியைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடக் கண்ணால் பார்ப்பது நல்லது. வில்லியம்ஸ் சண்டையின் முதல் ரவுண்டையும், 1970 அக்டோபர் 26 அட்லாண்டாவில் ஜெர்ரி க்வாரியோடு மோதிய முதல் ரவுண்டையும் அடுத்தடுத்து ஓட்டுங்கள். பத்தில் சேராத இந்த க்வாரி சண்டையில் அலி வென்றார், மூன்று ரவுண்டில் முடிந்தது. ஆனால் உங்கள் முதல் கட்டத்தில் "குதிகால்" என்ற குறி வரத் தொடங்குவது இங்கேதான்.

ஃப்ரேசியர், 1971; நார்ட்டன், 1973

மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஆளுக்கு 25 லட்சம் டாலர். இதிலிருந்து நான்கு கட்டங்களையும் நிரப்புங்கள். கயிறு என்ற கட்டம் முதன்முறையாகப் பெரிதாகும். கயிற்றில் சாய்ந்து, தலையை ஆட்டி, வலிக்கவில்லை என்று கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். அந்த நடிப்புக்கு மதிப்பெண் கொடுத்துவிடுவதுதான் இந்தச் சண்டையில் எல்லோரும் செய்யும் தவறு. மற்றவர் குத்திக்கொண்டிருக்கிறார், இவர் ஓய்வெடுக்கிறார், ரவுண்டு குத்துகிறவருக்கு.

ஃப்ரேசியர் முகாமிலிருந்த பயிற்சியாளர் எடி ஃபட்ச் ஒன்றைக் கவனித்திருந்தார்: வலது கை அப்பர்கட் (கீழிருந்து மேல்நோக்கிப் போடும் குத்து) போடும்போது அலியின் கை இடுப்புக்கு இறங்கும், கன்னம் திறக்கும். அந்தக் கணத்தில் இடது ஹூக். பதினைந்தாம் ரவுண்டில் அலி மல்லாந்து விழும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், வலது கை எங்கே இருக்கிறது என்று. அவர் உடனே எழுந்துவிட்டதும் கவனிக்க வேண்டியதே. நடுவர் ஆர்தர் மெர்காண்டே 8-6, ஒன்று சமம். மற்ற இருவர் 9-6, 11-4. மூன்றும் ஃப்ரேசியருக்கு. உங்கள் கணக்கு 11-4க்கும் 8-6க்கும் நடுவில் எங்கு வந்தாலும் கவலைப்படாதீர்கள்.

1973 மார்ச் 31, சான் டியேகோ. கென் நார்ட்டனின் மூலையில் அதே ஃபட்ச். இந்த முறை வேறு பூட்டுக்கு வேறு சாவி: அலி ஜாப் போடும்போது நீயும் ஜாப் போடு, போட்டபடியே முன்னால் நட. எதிராளியின் ஜாபைத் தட்டிவிட வேண்டிய அலியின் வலது கை அந்த நேரத்தில் சரியான இடத்தில் இருக்காது. பின்னால் சாய்ந்தாலும் நார்ட்டன் நடந்து வந்துகொண்டே இருப்பதால் தூரம் கூடாது. பன்னிரண்டு ரவுண்டு, பிளவுத் தீர்ப்பு (மூவரில் இருவர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம்), அலிக்குத் தோல்வி, தாடை எலும்பு முறிவு. எந்த ரவுண்டில் முறிந்தது என்பதில் இரண்டு மூலைகளும் ஒத்துப்போனதில்லை. வாயை மூடியபடி அலி மூச்சுவிடும் ரவுண்டுகளைக் குறித்துக்கொண்டு நீங்களே ஒரு முடிவுக்கு வரலாம்.

ஃபோர்மன், 1974: கயிறு தந்திரமாகிறது

ஜார்ஜ் ஃபோர்மன் 25 வயது, 40 சண்டை, 40 வெற்றி, 37 நாக் அவுட். அலிக்கு 32. இந்தச் சண்டையைப் பற்றிப் பரவியிருக்கும் கதை, அலி முழு நேரமும் கயிற்றில் சாய்ந்து அடி வாங்கி எதிராளியைக் களைக்கச் செய்தார் என்பது. முதல் ரவுண்டை வாய் திறக்காமல் பார்த்துவிட்டுப் பேசுங்கள்: ரிங்கின் நடுவில், ஜாபே இல்லாமல் நேரடியாக வலது கையை வீசுகிறார். வலது கைக்கு ஜாபைவிடத் தூரம் அதிகம். அதை முன்னோட்டம் இல்லாமல் போடுவது எதிராளியை மட்டம் தட்டுவது மாதிரி. ஃபோர்மன் அதை எதிர்பார்க்கவே இல்லை.

இரண்டாம் ரவுண்டிலிருந்துதான் கயிறு. இங்கே மூன்றாவது கட்டத்தில் கறாராக இருங்கள். ஃபோர்மனின் குத்துகளை மொத்தமாக எண்ணினால் ரவுண்டுக்கு ரவுண்டு அவரே வென்றதாகத் தோன்றும். தலையில் சுத்தமாக விழுந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். முன்னங்கைகள் முகத்துக்கு முன், முழங்கைகள் விலாவுக்கு மேல், தலை கயிற்றுக்கு வெளியே. கயிறு பின்னால் வளைந்து கொடுப்பதால், கால் செய்ய வேண்டிய விலகலைக் கயிறு செய்கிறது. கூப்பரிடம் சிக்கவைத்த அதே கயிறு. நெருங்கி வரும்போதெல்லாம் இடது கையால் ஃபோர்மனின் கழுத்தைக் கீழே அழுத்துகிறார், பெரிய உடம்பு தன் எடையைத் தானே தூக்க வேண்டியிருக்கிறது. ரவுண்டின் கடைசி அரை நிமிடத்தில் மட்டும் குத்துகள் வெடிக்கின்றன. ஐந்தாம் ரவுண்டின் முடிவு இதற்கு நல்ல உதாரணம்.

எட்டாம் ரவுண்டு 2:58. இடது ஹூக் தலையை நிமிர்த்துகிறது, நேரான வலது கை முடிக்கிறது. ஃபோர்மன் சுழன்று விழும்போது அலியின் வலது கை இன்னொரு குத்துக்கு ஓங்கியபடியே இருக்கிறது, போடவில்லை.

மணிலா, 1975

ஃப்ரேசியருடன் மூன்றாம் முறை. காலை நேரம், தாங்க முடியாத வெக்கை. நோட்டில் சண்டையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: முதல் நான்கைந்து ரவுண்டு அலி, நடுப்பகுதி ஃப்ரேசியர், பதினொன்றுக்குப் பிறகு மறுபடி அலி. ஃபோர்மனிடம் பலித்த கழுத்தைப் பிடிக்கும் வித்தையை இங்கே நடுவர் கார்லோஸ் படீயா தட்டிவிடுகிறார். நடுப்பகுதியில் கயிறு ஏன் பலிக்கவில்லை என்பதற்குப் பாதிக் காரணம் அது. மீதி, ஃப்ரேசியர் ஃபோர்மனைப் போலக் கையை அகல வீசாமல் உள்ளே புகுந்து உடம்பில் குத்துவது.

13, 14 ரவுண்டுகளில் ஃப்ரேசியர் அலியின் வலது கையைத் தவிர்க்க முயல்வதே இல்லை. தெரியவில்லை, அதனால். அவருடைய இடது கண்ணில் கண்புரை என்பது பிற்பாடு வெளிவந்தது. அன்று வலது கண்ணும் வீங்கி மூடிவிட்டது. பதினாலுக்குப் பின் ஃபட்ச் நிறுத்துகிறார். எதிர் மூலையில் அலியின் முகத்தை அந்த ஒரு நிமிடத்தில் பாருங்கள். அதன் பிறகு மூன்றாவது கட்டத்தைக் கூட்டுங்கள்.

கடைசி மூன்று

1977 செப்டம்பர் 29, எர்னி ஷேவர்ஸ். தொலைக்காட்சி ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் மதிப்பெண்ணை அறிவித்தது. டண்டி அதைக் கேட்டு வரச் சொல்லி முன்னேற்றத்தைத் தெரிந்துகொண்டார். உங்கள் கணக்கு கெடாமல் இருக்க இடைவேளையில் திரையில் வரும் எழுத்தை மறைத்துக்கொள்ளுங்கள். பதினைந்தாம் ரவுண்டில் அலி எங்கிருந்தோ ஒரு வேகத்தை எடுத்து வென்றார். இந்தச் சண்டைக்குப் பிறகு அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ விலகிக்கொண்டார்.

1978 செப்டம்பர் 15, நியூ ஆர்லியன்ஸ், லியோன் ஸ்பிங்க்ஸ். ஏழே தொழில்முறைச் சண்டை பார்த்திருந்த ஸ்பிங்க்ஸிடம் பிப்ரவரியில் தோற்ற பட்டத்தை மீட்டு, மூன்றாம் முறை சாம்பியன் ஆனார். பார்க்க அவ்வளவு சுவையில்லை: ஜாப், கட்டிப்பிடி, விலகு. ஆனால் முதல் கட்டத்தை நிரப்புங்கள். 36 வயதில், மிச்சமிருந்த காலைச் சில்லறை சில்லறையாகச் செலவழித்திருப்பது தெரியும்.

1980 அக்டோபர் 2, லாஸ் வேகஸ், லாரி ஹோம்ஸ். முழுதாகப் பார்க்க மனம் வராவிட்டால் முதல் ரவுண்டும் ஒன்பதாவதும் போதும். அலி உடம்பு இளைத்து, தலைமுடி கறுத்து, புகைப்படத்தில் பத்து வயது குறைந்தவராகத் தெரிவார். ஏமாறாதீர்கள். தைராய்டு மாத்திரை எடுத்திருந்தார். அது எடையோடு தெம்பையும் கொண்டுபோனது. கால் அசையவில்லை, கயிறு உதவவில்லை, வலது கை வழக்கம்போலத் தாழ்ந்திருக்கிறது. பழைய பயிற்சித் துணைவரான ஹோம்ஸ் நடுவரைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். பத்தாவது முடிந்து டண்டி நிறுத்தினார். 61 சண்டையில் அலி நிறுத்தப்பட்டுத் தோற்றது இது ஒன்றுதான். மறு ஆண்டு பஹாமாஸ் தலைநகர் நாசோவில் ட்ரெவர் பெர்பிக்கோடு இன்னொரு பத்து ரவுண்டு உண்டு, அதை விட்டுவிடலாம். பார்க்கின்சன் நோய் என்று 1984இல் கண்டறிந்தார்கள்.

ஏழு மணி நேரம் இல்லை, ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்பவர்களுக்கு: வில்லியம்ஸ், ஃபோர்மன், மணிலா. ஒன்றரை மணி நேரம்தான் ஆகும். இந்த மூன்றில் நேரம் போதாவிட்டால் மணிலாவின் நடு ரவுண்டுகளைத் தள்ளிவிட்டு, பதினொன்றிலிருந்து பாருங்கள். ஃபோர்மனின் முதல் ரவுண்டை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளாதீர்கள்.